கஞ்சத்தனத்துக்கும் சிக்கனத்துக்கும் நடுவே: இந்தி வழி மாணவர் ஒருவரின் ஆங்கிலச் சொல்வளம்

அந்த மாணவர் முதல் நாள் வந்தபோது கையில் தடிமனான ஒரு ரிஜிஸ்டர் வைத்திருந்தார். கோடு போட்ட நீள நோட்டுக்கு இந்தி வட்டாரத்தில் அதுதான் பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இடப்பக்கம் நீல மையில் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கம் சிவப்பு மையில் இந்திப் பொருளும் எழுதியிருந்தார். மூலைகள் மடங்கிப்போய், அட்டையில் டீக்கறை. “மேம், எங்கே வேண்டுமானாலும் திறந்து கேளுங்கள்” என்றார். திறந்து 20 சொற்கள் கேட்டேன். இருபதுக்கும் தட்டாமல் பொருள் சொன்னார்.

சரி என்று ரிஜிஸ்டரை மூடினேன். “இந்த இருபதில் ஒன்றை வைத்து உங்கள் அம்மாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘மை மதர் இஸ் பார்ஸிமோனியஸ்’ என்று எழுதினார்.

பார்ஸிமோனியஸ் என்றால் காசை இறுக்கிப் பிடிப்பவர், கருமி. “என்ன சொல்ல வந்தீர்கள், இந்தியிலேயே சொல்லுங்கள்” என்றேன். அம்மா அரிசி டப்பாவுக்குள் ஐம்பதும் நூறுமாகப் போட்டுவைத்த பணத்தில்தான் டெல்லிக்கு ரயில் டிக்கெட்டும் முதல் மாத அறை வாடகையும் வந்தது என்றார். அம்மாவைப் பெருமையாகச் சொல்லத்தான் அந்தச் சொல்லை எடுத்திருக்கிறார். ரிஜிஸ்டரை மறுபடி திறந்தேன். பார்ஸிமோனியஸ் எதிரே ‘கஞ்சூஸ்’ என்று இருந்தது. சில பக்கம் தள்ளி ஃப்ரூகல், அதாவது சிக்கனமானவர். அதன் எதிரேயும் அதே சிவப்பு மையில் ‘கஞ்சூஸ்’.

“உங்கள் அம்மாவை இந்தியில் கஞ்சூஸ் என்று சொல்வீர்களா?”

“ஐயோ, மாட்டேன் மேம்.”

“வேறு என்ன சொல்வீர்கள்?”

மேலே பார்த்து யோசித்தார். பள்ளிக்கூடத்தில் படித்த சொல் ஒன்று வந்தது: ‘மிதவ்யயீ’. மிதமாக வ்யயம் செய்பவர், அளவறிந்து செலவழிப்பவர். ஃப்ரூகல் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இந்தி கிடையாது. அது அவரிடமே இருந்தது. ரிஜிஸ்டர்தான் அதை மறைத்துவிட்டது.

அடுத்த எட்டு மாதம் நாங்கள் செய்த வேலை எல்லாம் இந்த ஒரு நிமிடத்திலிருந்து கிளம்பியதுதான். இந்தி பேசுகிறவருக்கு ஆங்கிலச் சொல்வளம் கூடாமல் போவதற்கு அவருடைய இந்தி காரணம் இல்லை. நல்ல இந்தியை வெளியே நிறுத்திவிட்டு மட்டமான இந்தியை வைத்து ஆங்கிலம் படிப்பதுதான் காரணம். நான் தமிழ்ப் பெண். டெல்லிக்கு வந்த பிறகு இந்தி கற்றுக்கொண்டேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். வெளியிலிருந்து வந்து இந்தியைக் கற்றதால்தானோ என்னவோ, அந்த மொழிக்குள் கிடக்கும் சொத்து என் கண்ணில் பட்டது.

ஆளும் இடமும்

மாணவரின் பெயர் இங்கே வேண்டாம். கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். வீட்டில் பேச்சு போஜ்புரி. பள்ளிப் படிப்பு முழுக்க இந்தி வழி. டெல்லிக்கு வந்தது மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி நடத்தும் சிஜிஎல் தேர்வுக்காக. மத்திய அரசு அலுவலகங்களின் உதவிப் பிரிவு அலுவலர், வருமான வரி ஆய்வாளர் போன்ற பதவிகளுக்கான தேர்வு அது. முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். இரண்டாம் கட்டத்தில் 45 கேள்வி, 135 மதிப்பெண். ஒத்த பொருள், எதிர்ப்பொருள், பல சொல்லுக்கு ஒரு சொல், மரபுத்தொடர், கோடிட்ட இடம், பத்தி படித்துப் பதில் என்று சொல்லறிவைத் தொடும் பகுதிகளே அதிகம்.

வடக்கு டெல்லியின் முகர்ஜி நகரைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சூழல் புரியும். பத்ரா சினிமா பக்கம் இறங்கினால் நாலா பக்கமும் கோச்சிங் பலகைகள், நோட்ஸ் விற்கும் ஜெராக்ஸ் கடைகள், மணிக்கணக்கில் மேசை வாடகைக்கு விடும் ‘லைப்ரரி’கள். உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று இந்தி வழியில் படித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 2014இல் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் சிசாட் என்ற திறனறித் தாளுக்கு எதிராகப் பெரிய போராட்டம் எழுந்ததும் இந்தத் தெருக்களில்தான். ஆங்கிலப் பத்திக் கேள்விகளின் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று அரசு அப்போது அறிவித்தது. மறு ஆண்டிலிருந்து அந்தத் தாளில் 33 சதவீதம் எடுத்தால் போதும் என்றானது. ஆங்கிலம் இங்கே வெறும் பாடம் இல்லை, ஒரு வாசல். அந்த வாசலில் நின்று திரும்பிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரிஜிஸ்டரில் இருந்ததும் இல்லாததும்

முதல் வாரம் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். நாணயம் சேகரிப்பவருக்கான நியூமிஸ்மாட்டிஸ்ட் இருந்தது. தபால்தலை சேகரிப்பவருக்கான ஃபிலாட்டலிஸ்ட் இருந்தது. ஆனால் ஒரு ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், மூன்றாவது வரியில் ‘அண்டர்மைன்’ என்ற சொல்லில் நின்றுவிட்டார். அடித்தளத்தை மெல்ல அரிப்பது என்று பொருள். தலையங்கம் எழுதுகிறவர்கள் அன்றாடம் புழங்கும் சொல் அது. நாணயம் சேகரிப்பவரைத் தெரியும், அன்றாடச் சொல்லைத் தெரியாது.

இது அவர் தவறு இல்லை. கடையில் விற்கும் பட்டியல்கள் பழைய வினாத்தாள்களில் வந்த அரிய சொற்களைத் திரட்டியவை. மொழியில் அடிக்கடி வரும் சொல் எது, அபூர்வமானது எது என்ற கணக்கு அவற்றில் கிடையாது. அந்தக் கணக்கின் வேர் நம் பக்கத்திலேயே இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்தார். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் தடுமாறுவதைப் பார்த்து, எந்தச் சொல் அதிகம் பயன்படுமோ அதை முதலில் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள் கொண்ட அவருடைய பட்டியல் 1953இல் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட், கல்வி நூல்களில் துறை வேறுபாடின்றி வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். என் மாணவர் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றுகொண்டு, இரண்டையும் தாண்டிய சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். எனவே அரிய சொற்களை மூட்டை கட்டிவிட்டு முதலில் நடுமட்டத்தைக் கட்ட முடிவு செய்தோம்.

கோச்சிங் மையங்களில் ‘ட்ரிக்’ என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆங்கிலச் சொல்லின் ஒலியோடு ஒட்டும் இந்தித் தொடர் ஒன்றைப் பிடித்து நினைவில் வைப்பது. மோரோஸ் என்றால் முகம் வாடிய, உம்மென்று இருக்கிற. அதை ‘மர் ரோஜ்’ என்று உடைத்து, தினம் தினம் சாகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒலியை ஒரு படத்தோடு இணைத்தால் நினைவில் நிற்கும் என்பதை 1975இல் ரஷ்யச் சொற்களை வைத்து அட்கின்சன், ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த ட்ரிக் கதவைத் தட்டிவிட்டுப் போய்விடும். மோரோஸ் என்பது மனிதரையும் மனநிலையையும்தான் குறிக்கும், வாடிய பூவைக் குறிக்காது என்பதை அது சொல்லாது. மாணவர் ‘மோரோஸ் ஃபிளவர்’ என்று எழுதியிருந்தார்.

தண்ணீர் வேறு, ஜலம் வேறு

திருப்பம் ஒரு தண்ணீர் பில்லிலிருந்து வந்தது. அவர் அறை எடுத்திருந்த வீட்டுக்கு வந்த பில்லை மேசையில் வைத்திருந்தார். மேலே ‘டெல்லி ஜல் போர்டு’ என்று அச்சடித்திருந்தது. “ஏன் பானீ போர்டு என்று பெயர் வைக்கவில்லை?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “அது நன்றாக இருக்காது மேம். பானீ குடிப்பது. ஜல் என்றால் சர்க்காரீ. கோயிலிலும் ஜல்தான், கங்காஜல்.”

இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தி பேசுகிற ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு தராசு இருக்கிறது. அன்றாடச் சொல் ஒரு தட்டில், சமஸ்கிருதத்திலிருந்து வந்த கனமான சொல் இன்னொன்றில், பாரசீகம் வழி வந்த சொல் மூன்றாவதில். பூச்னா, ப்ரச்ன, சவால் மூன்றும் கேட்பதைச் சுற்றி வருகிறவை. எங்கே எது பொருந்தும் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலமும் இதே மாதிரி அடுக்கடுக்காகக் கட்டிய மொழிதான். பழைய ஜெர்மானியச் சொற்கள் அடித்தளத்தில், 1066க்குப் பிறகு நார்மன் ஆட்சியோடு வந்த பிரெஞ்சுச் சொற்கள் அதற்கு மேல், லத்தீனும் கிரேக்கமும் உச்சியில். ஆஸ்க், க்வெஸ்ச்சன், இன்டராகேட் மூன்றும் அந்த மூன்று மாடி.

அன்று அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு தாளில் ஆக், அக்னி என்று எழுதி, எதிரே ஃபயர், இக்னைட் இரண்டையும் எது எந்த மாடியோ அந்த மாடியில் வைக்கச் சொன்னேன். தில், ஹ்ருதய். எதிரே ஹார்ட், கார்டியாக், கார்டியல். மதத், ஸஹாயதா. எதிரே ஹெல்ப், எய்ட், அசிஸ்ட்டன்ஸ். ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை. அதுவரை ஒரே தட்டையான வரிசையாக இருந்த ஆங்கிலச் சொற்களுக்கு அன்றுதான் உயரம் வந்தது. நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் வாங்குவதற்கு ‘ப்ரொக்யூர்’ என்று எழுதினால் ஏன் இடிக்கிறது என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. “கடைக்குப் போய் ஜல் வாங்கி வா என்கிற மாதிரி இருக்கிறது” என்று அவரே சொன்னார்.

உபஸர்க் என்ற சாவி

இந்தி வழிப் பள்ளிகளில் உபஸர்க், ப்ரத்யய், ஸமாஸ் எல்லாம் இலக்கணப் பாடத்தில் பிழிந்தெடுப்பார்கள். முன்னொட்டு, பின்னொட்டு, தொகைச்சொல். இவர் அதில் கெட்டிக்காரர். ஆனால் அந்த அறிவு இந்திப் பாடத்தோடு நின்றுவிட்டது. ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

விடுதலைக்குப் பிறகு இந்திக்குத் துறைச்சொற்கள் தேவைப்பட்டபோது, 1961இல் அமைந்த அறிவியல் தொழில்நுட்பச் சொல்லாக்க ஆணையமும் அதற்கு முன்னும் பின்னும் பல அறிஞர்களும் ஆயிரக்கணக்கான சொற்களை உருவாக்கினார்கள். நிறையச் சொற்கள் ஆங்கிலச் சொல்லின் எலும்பை அப்படியே எடுத்துச் சமஸ்கிருதச் சதை போர்த்தியவை. ட்ரான்ஸ்பேரன்சி என்பதில் ட்ரான்ஸ் என்றால் ஊடாக, பின்பாதி தோன்றுவது. இந்தியில் பார்தர்ஷிதா: பார் ஊடாக, தர்ஷிதா தெரிவது. சிம்பத்தி என்பது கூட உணர்வது, ஸஹானுபூதியும் கூட அனுபவிப்பது. கன்டெம்பரரி என்பதில் காலத்துக்கான லத்தீன் டெம்புஸ் இருக்கிறது, ஸமகாலீனில் நமக்குத் தெரிந்த காலமே இருக்கிறது. ப்ரெஜுடிஸ் முன்கூட்டிய தீர்ப்பு, பூர்வாக்ரஹ் முன்கூட்டிய பிடிவாதம்.

இதைப் பலகையில் எழுதியபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. “அப்படியென்றால் இந்தச் சொற்கள் எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும்” என்றார். ஆமாம், தெரியும். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ப்ர, பரி, அந்தர் என்று போனோம். ப்ரகதியின் ப்ரவும் ப்ராக்ரஸின் ப்ரோவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. பரிதியின் பரியும் பெரிஃபெரியின் பெரியும் அப்படியே. அந்தரும் இன்டரும் அப்படியே. 1786 பிப்ரவரி 2 அன்று கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் முன் மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சொன்னாரே, அந்த உறவை ஒரு பலியாக் கிராமத்து இளைஞர் முகர்ஜி நகர் மாடி அறையில் உட்கார்ந்து கையால் தொட்டுப் பார்த்தார். தந்த், டென்டல். பத், பெடஸ்ட்ரியன். நவ், நாவல். ம்ருத்யு, மார்ட்டல். விதவா, விடோ. ஸ்வப்னுக்கு லத்தீன் உறவு ஸோம்னுஸ், அதிலிருந்து தூக்கமின்மைக்கான இன்ஸோம்னியா. தந்தம், பாதம், சொப்பனம், விதவை என்று தமிழும் வாங்கி வைத்திருக்கிற சொற்கள்தாம் இவை. அதனால் இந்தப் பட்டியலின் ஒரு பகுதி நம் பிள்ளைகளுக்கும் உதவும்.

இங்கே நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். அவருடைய உற்சாகத்தைப் பார்த்து நானும் அளவு மீறிப் போனேன். இரண்டு மாதம் வேர்ச்சொல்லே பேச்சாக இருந்தது. விளைவு, ஒரு நாள் கட்டுரையில் ஒரு தலைவர் ஆற்றிய உருக்கமான உரையைப் பற்றி ‘பத்தெட்டிக் ஸ்பீச்’ என்று எழுதினார். சிம்பத்தியில் உள்ள பத் உணர்ச்சி என்றால், பத்தெட்டிக் என்பது உணர்ச்சி நிறைந்தது என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு சரிதான். பழைய ஆங்கிலத்தில் அந்தப் பொருளும் இருந்தது. இன்றைக்கு ஒரு உரையைப் பத்தெட்டிக் என்றால் பரிதாபமாக மோசம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். வேர் பொருளின் பிறப்பைச் சொல்லும், இன்றைய முகவரியைச் சொல்லாது. இதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்.

பொய் உறவுகளும் உண்டு. பத்னாம், பத்தமீஸ் என்ற இந்திச் சொற்களில் வரும் ‘பத்’ பாரசீகத்திலிருந்து வந்தது, கெட்ட என்று பொருள். ஆங்கிலத்தின் ‘பேட்’டும் கெட்டதுதான். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. ஆனாலும் இரண்டுக்கும் உறவு இல்லை, தற்செயல். இதைச் சொன்ன பிறகுதான் அவர் எந்தச் சொல்லையும் அகராதியில் சரிபார்க்காமல் நம்புவதை விட்டார்.

திரும்பி வந்த சொற்கள்

ஒரு தலையங்கத்தில் ‘எலெக்டோரல் ஜக்கர்நாட்’ என்று வந்தது. ரிஜிஸ்டரில் ஜக்கர்நாட் எதிரே ‘பெரும் சக்தி’ என்று எழுதி வைத்திருந்தார். மெதுவாக உச்சரித்துப் பாருங்கள் என்றேன். ஜ-க்-க-ர்-நா-ட். நாலாவது முறை நிறுத்தினார். “ஜகன்னாத்!” பூரியில் தேர் இழுக்கும்போது குறுக்கே எதுவும் நிற்க முடியாதே, அந்தத் தேரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல்.

லூட், ஜங்கிள், பண்டிட், குரு எல்லாம் இப்படிப் போனவையே. ஷாம்பூ என்பது அமுக்கிப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் சாம்ப்னாவிலிருந்து. சுகமான வேலையைக் குஷி என்று சொல்வதுபோல் ஆங்கிலத்தில் ‘குஷி ஜாப்’ என்றே சொல்வார்கள், அதன் பின்னால் இருப்பது பாரசீக வழி வந்த குஷ். ஆனால் போன சொற்கள் போனபடி திரும்புவதில்லை. இந்தியில் டக் என்றால் ஏமாற்றுக்காரன். நயமாகப் பேசிக் கவிழ்ப்பவன். ஆங்கிலத்தில் தக் என்றால் அடிதடி ரவுடி. சந்தையில் எடையில் ஏமாற்றியவரைத் தக் என்று எழுதினால் ஆங்கில வாசகருக்குக் கத்தியும் கட்டையும்தான் கண்ணில் வரும்.

தேஜ்

இனி எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. தேஜ் என்று ஒரு இந்திச் சொல். அதைப் பலகையின் நடுவில் எழுதி, சுற்றிலும் அது போய் ஒட்டுகிற பொருள்களை எழுதினோம். தேஜ் காய்ச்சல், தேஜ் மழை, தேஜ் கத்தி, தேஜ் மிளகாய், தேஜ் சத்தம், தேஜ் வண்டி, தேஜ் மூளை. இந்தியில் ஏழும் ஒரே சொல். தமிழில் பிரிந்துவிடும்: கடும் காய்ச்சல், பலத்த மழை, கூரான கத்தி, காரமான மிளகாய். ஆங்கிலத்திலும் பிரியும்: காய்ச்சல் ஹை, மழை ஹெவி, கத்தி ஷார்ப், மிளகாய் ஹாட், சத்தம் லவுட், வண்டி ஃபாஸ்ட், மூளை ஷார்ப். மாணவர் எல்லாவற்றுக்கும் ஃபாஸ்ட் போட்டுக்கொண்டிருந்தார். ‘ஃபாஸ்ட் ஃபீவர்’ என்று எழுதியது அதனால்தான்.

உயர்நிலைச் சொல்வளம் என்றால் பெரிய சொற்கள் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு குடும்பம் நடத்தும் என்று தெரிவதுதான் உயர்நிலை. வினைகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். இந்தியில் பரீட்சை கொடுப்பார்கள், பரீக்ஷா தேனா. அதனால் ஆங்கிலத்திலும் ‘ஐ கேவ் த எக்ஸாம்’. தமிழில் பரீட்சை எழுதுகிறோம், அதனால் நம் பிள்ளைகள் ‘ஐ ரோட் த எக்ஸாம்’ என்கிறார்கள். ஆங்கிலேயர் பரீட்சை எடுப்பார், அல்லது பரீட்சைக்கு உட்காருவார். இந்திக்காரர் கனவு பார்ப்பார், நாம் கனவு காண்போம், ஆங்கிலத்தில் கனவு ‘ஹேவ்’. ரிஜிஸ்டரில் இதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கினோம். பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதக் கூடாது, அதன் வினையோடுதான் எழுத வேண்டும் என்பது விதி.

அடுத்து பிடிவாதம். ஜித்தீ என்ற ஒரு சொல்லுக்கு அவரிடம் ஆறு ஆங்கிலச் சொற்கள் இருந்தன, ஆறுக்கும் ஒரே பொருள். முதலில் இந்தியை விரிக்கச் சொன்னேன். த்ருட், அதாவது உறுதியானவர், பாராட்டு. ஹடீ, சொன்னதை விடாதவர். அடியல், அசைய மறுக்கும் மட்டக்குதிரைக்குச் சொல்வது. இந்தப் படிக்கட்டு விரிந்ததும் ஆங்கிலப் படிக்கட்டு தானாக வந்து பக்கத்தில் நின்றது. த்ருட் பக்கம் ரெஸொல்யூட், ஹடீ பக்கம் ஆப்ஸ்டினேட். அடியலுக்கு எதிரே ம்யூலிஷ். இந்திக்காரருக்கு மட்டக்குதிரை, ஆங்கிலேயருக்குக் கோவேறு கழுதை.

அகராதி விஷயத்திலும் ஒரு மாற்றம் செய்தோம். செல்போனில் தட்டினால் முதலில் வரும் ஒற்றை இந்திச் சொல்லை எழுதுவதை நிறுத்தினோம். காமில் புல்கே தொகுத்த ஆங்கிலம்–இந்தி அகராதியைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிக் கொடுத்தேன். பெல்ஜியத்தில் பிறந்து, 1930களில் இந்தியாவுக்குக் கிறிஸ்தவ மதப்பணிக்கு வந்து, ராஞ்சியில் வாழ்ந்து, இந்தியைத் தன் மொழியாக வரித்துக்கொண்டவர். 1968இல் வெளிவந்த அந்த அகராதி ஒரு சொல்லின் நிழல்களைப் பிரித்துக் காட்டும். இத்தாலியிலிருந்து வந்து சதுரகராதி செய்த வீரமாமுனிவரை நினைக்காமல் என்னால் அந்தப் புத்தகத்தைத் திறக்க முடிவதில்லை.

காது

ஒலியில் இரண்டு முடிச்சுகள். தேவநாகரியில் ‘வ’ ஒன்றுதான், ஆங்கிலத்தில் அது வி, டபிள்யூ என்று இரண்டு எழுத்து. வெரி, வேரி, வேரீ என்று அவர் எழுதிவைத்த மூன்று ஆங்கிலச் சொற்களும் காதில் ஒன்றாகவே விழுந்தன: மிகவும், மாறுபடு, எச்சரிக்கையான. மற்றது ஜ. கிராமத்துப் பேச்சில் ஸ-வின் அதிர்வொலி ஜ ஆகிவிடும். ஆகவே ஆர்வத்தோடு உழைக்கிறவரான ஸெலஸும் பொறாமைக்காரரான ஜெலஸும் ஒருவரே ஆகிவிட்டார்கள். இதில் ஒரு சுவை. இரண்டுமே கிரேக்கத்தின் ஸேலோஸ் என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள். அந்தக் கதையைச் சொன்ன பிறகு அவர் அந்த இரண்டைக் குழப்பவில்லை. வ விஷயம் மட்டும் முழுசாகத் தீரவில்லை. எழுத்தில் சரியாகிவிட்டது, பேச்சில் இன்னும் வழுக்குகிறது.

மறதிக்கு அட்டைகள். படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகும் என்பதை 1885லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அளந்து வைத்திருக்கிறார். ஜெர்மனியின் லைட்னர் சொன்ன மாதிரி ஒரு மிட்டாய் டப்பாவில் ஐந்து தடுப்பு வைத்தோம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், அங்கே நாள் தள்ளி வரும். தவறினால் முதல் தடுப்புக்குத் திரும்பும். ஒரே ஒரு மாற்றம்: அட்டையின் பின்னால் பொருள் இல்லை, அவரே எழுதிய வாக்கியம் ஒன்று, அதில் அந்தச் சொல் இருக்கும் இடம் காலி.

எட்டு மாதம் கழித்து

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அந்த ஆண்டு இரண்டாம் கட்டம் வரை போனார், இறுதிப் பட்டியலில் பெயர் வரவில்லை. கணக்கில் விழுந்தது. மறுபடி எழுதப் போகிறார். ஆங்கிலத்தில் என்ன மாறியது என்பதை மட்டும் சொல்கிறேன். முன்பெல்லாம் கோடிட்ட இடத்தில் தெரிந்த சொல் எதுவோ அதைத் தட்டிவிடுவார். இப்போது நான்கு விடையில் மூன்று ஏன் பொருந்தாது என்று வாய்விட்டுச் சொல்கிறார். இந்த மாடிச் சொல் இங்கே வராது, இந்த வினை இந்தப் பெயரோடு சேராது என்று. சொல் எண்ணிக்கையைக் கேட்டால், முதல் நாள் ரிஜிஸ்டரில் இருந்ததைவிட இன்று அவர் வைத்திருக்கும் அட்டைகள் குறைவு.

போன மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து ஒரு கேள்வி கேட்டார். “மேம், ஜூட்டாவுக்கு ஆங்கிலத்தில் என்ன?” ஒருவர் வாய் வைத்த உணவு, எச்சில். தம்பியின் தட்டிலிருந்து அம்மா எடுத்துச் சாப்பிட்டதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். லெஃப்ட்ஓவர் என்று முதலில் எழுதி, தானே அடித்திருந்தார். அது மீந்த உணவு, நேற்றுச் சமைத்ததும் லெஃப்ட்ஓவர்தான், யார் வாயும் பட்டிருக்க வேண்டியதில்லை. ‘ஹாஃப்-ஈட்டன்’ என்று எழுதி அதையும் அடித்திருந்தார். பாதி தின்றது என்று சொல்லும், தீட்டையும் சொல்லாது, அம்மா அதை மதிக்காமல் எடுத்துச் சாப்பிட்டதில் உள்ள பாசத்தையும் சொல்லாது. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். தமிழில் எச்சில் என்று நான் ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். ஆங்கிலத்துக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. கடைசியில் ரிஜிஸ்டரை எடுத்தார். இந்த முறை இடப்பக்கம் இந்தியில் ‘ஜூட்டா’ என்று எழுதி, வலப்பக்கம் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினார்.